மூளையில் அந்த அலை எங்கிருந்து எழுகிறது? இ.இ.ஜி. மூலங்காணல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைத்தோலில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின்மாற்றங்களைப் பதிவதுதான் இ.இ.ஜி. அந்தப் பதிவை வைத்து, மூளைக்குள் ஓர் அலை புறப்பட்ட இடத்தைக் கணிக்கும் வேலைக்கு 'சோர்ஸ் லோக்கலைசேஷன்' என்று பெயர். இங்கே மூலங்காணல் என்றே சொல்லிக்கொள்வோம். இந்த வேலையில் இருப்பதால், புதிதாகச் சேரும் மாணவர்களும், வலிப்புக்காகப் பதிவு எடுக்க வருபவர்களின் வீட்டாரும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் இருப்பவை எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

இ.இ.ஜி. தலைக்கு மேலே எடுப்பதுதானே? உள்ளே எந்த இடம் என்று அதை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?

ஒரு எலக்ட்ரோடை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தலை முழுக்கப் பல இடங்களில் ஒரே நேரத்தில் அளக்கிறோம். ஒரு கணத்தில் எங்கே மின்னழுத்தம் ஏறியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்பது தலைமேல் விரித்த வரைபடம் போலக் கிடைக்கும். உள்ளே மின்னோட்டம் எழும் இடமோ அதன் திசையோ மாறினால் இந்த வரைபடமும் மாறும். அந்த வடிவத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு இடத்தைக் கணிக்கிறோம்.

'கணிக்கிறோம்' என்றுதான் சொல்கிறேன், 'பார்க்கிறோம்' என்று சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைப் பார்ப்பது போன்றதல்ல இது. ஏன் என்பது நான்காவது கேள்வியில் வரும்.

நரம்பு 'ஃபயர்' ஆகும்போது வரும் மின்சாரம்தானே அது?

பெரும்பாலும் அது இல்லை. நரம்பணு ஃபயர் ஆகும் துடிப்பு ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து அணுக்களின் துடிப்புகள் சரியாக ஒரே கணத்தில் விழுவதும் அரிது, அதனால் அவை கூடிப் பெரிதாவதில்லை. இ.இ.ஜி.யில் நாம் காண்பது, ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கொடுக்கும் சினாப்ஸ் சந்திப்புகளில் எழும் மெதுவான மின்மாற்றங்களை. அவை பல மில்லிசெகண்டுகள் நீடிக்கும்.

மூளையின் மேற்பட்டையில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள், நடவு முடிந்த வயலில் நாற்று நிற்பது போல, ஒரே திசையில் வரிசையாக நிற்கின்றன. அதனால் அவற்றின் சிறுசிறு மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன. அப்படிக் கூடியும் தலைத்தோலுக்கு வந்து சேர்வது 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுதான். இ.சி.ஜி.யில் இதயத்துடிப்பின் பெரிய முனை ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் இருக்கும், அதாவது பத்து மடங்கோ அதற்கும் மேலோ. மேற்பட்டையில் ஏறக்குறைய 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால்தலை அளவு பரப்பாவது சேர்ந்து இயங்கினால்தான் வெளியே தெரியும் என்பது பழைய கணக்கு. வலிப்பு அலைகளுக்கு அதைவிடப் பெரிய பரப்பு தேவைப்படுவது உண்டு. ஆகவே பதிவில் எதுவும் தெரியவில்லை என்பதால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

எந்த எலக்ட்ரோடில் அலை பெரிசா இருக்கோ அதுக்கு நேர் கீழேதானே மூலம்?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். டார்ச் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டார்ச் யார் கையில் இருக்கிறது என்பது வேறு, வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்பது வேறு. மூளையின் மேற்பட்டை மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. மேட்டின் உச்சியில் எழும் மின்னோட்டம் நேராகத் தலைத்தோலைப் பார்க்கும், அங்கே நீங்கள் சொல்வது பொருந்தும். பள்ளத்தின் பக்கச்சுவரில் எழுந்தால் அது பக்கவாட்டில் பார்க்கும். அப்போது தலைமேல் ஒரு பக்கம் நேர்மின் முகடு, இன்னொரு பக்கம் எதிர்மின் முகடு என்று இரண்டு வரும். மூலம் அந்த இரண்டுக்கும் நடுவில், அலை மிகச் சிறிதாகத் தெரியும் இடத்துக்குக் கீழே இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல சான்று, கணுக்கால் நரம்பைத் தூண்டி எடுக்கும் பதிவு. இடது காலைத் தூண்டினால் செய்தி வலது மூளைக்குத்தான் போகிறது. ஆனால் ஏறக்குறைய 40 மில்லிசெகண்டில் வரும் நேர்மின் முகடு பலருக்கும் தலையின் நடுக்கோட்டிலோ, இடது பக்கம் சாய்ந்தோதான் பெரிதாகத் தெரியும். காலுக்கான பகுதி இரண்டு மூளைப் பாதிகளுக்கும் இடையே உள்ள பிளவின் சுவரில் இருப்பதால், அதன் முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்து இடம் சொல்லியிருந்தால் பக்கமே தவறிப்போயிருக்கும்.

'இன்வர்ஸ் ப்ராப்ளம்' என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

மூளையில் இந்த இடத்தில் இவ்வளவு மின்னோட்டம் என்று கொடுத்துவிட்டு, தலைமேல் என்ன அளவு வரும் என்று கேட்டால் அது நேர்க்கணக்கு. அதற்கு ஒரே விடைதான் உண்டு. தலைமேல் வந்த அளவைக் கொடுத்து உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் அது தலைகீழ்க் கணக்கு. அதற்கு எண்ணற்ற விடைகள் உண்டு. மளிகைப் பையைத் தராசில் வைத்தால் 5 கிலோ என்று காட்டும். உள்ளே அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று தராசு சொல்லாது.

மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பொருளுக்கு வெளியே அளந்ததை வைத்து உள்ளே ஓடும் மின்னோட்டத்தை ஒரே விடையாகக் கண்டுபிடிக்க முடியாது என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே காட்டிவிட்டார். ஹான்ஸ் பெர்கர் யேனா நகரில் மனிதத் தலையிலிருந்து முதல் இ.இ.ஜி. பதிவை எடுத்தது 1924-இல். அதாவது பதிவு பிறப்பதற்கு 71 ஆண்டுகள் முன்பே அதன் எல்லை தெரிந்திருந்தது.

எலக்ட்ரோடு எண்ணிக்கையைக் கூட்டி, பெரிய கம்ப்யூட்டரில் போட்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. மேற்பட்டையை ஏறக்குறைய 15,000 புள்ளிகளாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். அளப்பதோ 64 இடத்தில், மிஞ்சினால் 256 இடத்தில். சரி, 15,000 எலக்ட்ரோடு ஒட்டினால்? அப்போதும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது அப்படியே நிற்கும். வெளியே எந்தத் தடயமும் விடாத மின்னோட்ட அமைப்புகள் உண்டு. கிடைத்த எந்த விடையோடும் அவற்றைச் சேர்த்துப் பாருங்கள், தலைமேல் ஒரு மைக்ரோவோல்ட்கூட மாறாது. இது இயற்பியலிலேயே இருக்கும் எல்லை. கணினி வேகத்தால் அதைக் கடக்க முடியாது.

எண்ணற்ற விடை இருக்கிறது என்றால் நீங்கள் காட்டும் விடை மட்டும் எப்படி வருகிறது?

நாம் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறோம். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் விடை ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே அறிக்கையில் ஒளிரும் இடத்தைப் பார்த்தால், 'என்ன நிபந்தனையை வைத்து இது வந்தது' என்று முதலில் கேளுங்கள். நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

பழைய நிபந்தனை: 'மூலங்கள் ஒன்றிரண்டுதான், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி' என்பது. அந்தப் புள்ளியை டைப்போல் என்பார்கள். கணினி அதை அங்கும் இங்கும் நகர்த்தி, அளந்த வரைபடத்தோடு நன்றாகப் பொருந்தும் இடத்தில் நிறுத்தும். மூலம் உண்மையிலேயே சிறியதாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். எத்தனை டைப்போல் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னாலும் அது ஏதோ ஓர் இடத்தைக் காட்டிவிடும், எச்சரிக்காது.

இரண்டாவது வகையில் 15,000 புள்ளிகளுக்கும் மின்னோட்டத்தைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். 'மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் விடையை எடு' என்பது ஃபின்லாந்தின் ஹமலைனனும் இல்மோனியெமியும் 1984-இல் முன்வைத்த மினிமம் நார்ம் முறை. 'பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இயங்கும்' என்ற நிபந்தனையை வைத்து 1994-இல் பாஸ்குவால்-மார்க்கியும் கூட்டாளிகளும் லொரெட்டாவைக் கொண்டுவந்தார்கள். 2002-இல் வந்த எஸ்லொரெட்டாவுக்கு 'பிழையே பூஜ்யம்' என்று பலர் எழுதுகிறார்கள். அந்த வாசகம் உண்மை, ஆனால் மூலம் ஒன்றே ஒன்றாக இருந்து, இரைச்சலே இல்லாமல், தலையின் மாதிரியும் துல்லியமாக இருந்தால் மட்டும். நம் பதிவுகள் எதுவும் அப்படி இருப்பதில்லை. மூன்றாவது வகை பீம்ஃபார்மர். ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, அங்கிருந்து வருவதை மட்டும் கடக்கவிட்டு மற்றதை அடக்கும் வடிகட்டி அது.

சரி, இவற்றில் எது பெஸ்ட்?

என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பீம்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூலங்கள் ஒரே தாளத்தில் இயங்கினால் அது குழம்பும். ஒரு சத்தத்தைக் கேட்கும்போது இடது, வலது இரண்டு செவிப்பகுதிகளும் ஏறக்குறைய சேர்ந்தே எழும். பீம்ஃபார்மர் ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிட்டு, இரண்டையும் மங்கலாகக் காட்டக்கூடும். அதே பதிவுக்கு இரண்டு டைப்போல் வைத்தால் அழகாகப் பொருந்தும். கண்மூடி ஓய்வாக இருக்கும்போது வரும் ஆல்ஃபா அலைக்கோ பீம்ஃபார்மர் கைகொடுக்கும். நான் எந்தப் பதிவையும் குறைந்தது இரண்டு முறைகளில் செய்து பார்ப்பேன். இரண்டும் மூளையின் வெவ்வேறு மடலைக் காட்டினால் எழுதுவதை அங்கேயே நிறுத்திவிட்டுப் பதிவைத் திரும்பப் பார்ப்பேன்.

எத்தனை எலக்ட்ரோடு வேண்டும்? எங்களிடம் 21-தான் இருக்கிறது.

1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட 10-20 முறையின் 21 இடங்கள் இன்றும் எல்லா ஊரிலும் ஓடுகின்றன. கண்ணால் படித்து நோயறிய அது போதும், மூலங்காணலுக்குப் போதாது. எண்ணிக்கையைவிடப் பெரிய குறை அதன் பரப்பில் இருக்கிறது. காதுக்கும் கன்னத்துக்கும் பக்கமாகக் கீழே ஒன்றும் இருக்காது, ஆனால் வலிப்பு அதிகம் கிளம்பும் டெம்போரல் மடலின் அடிப்பகுதி அங்கேதான் எட்டிப் பார்க்கும். இதற்காகவே 2017-இல் வந்த பன்னாட்டுப் பரிந்துரையில் கீழ்வரிசையைச் சேர்த்து 25 ஆக்கினார்கள். கையில் கூடுதலாகச் சில எலக்ட்ரோடுகள்தான் இருக்கின்றன என்றால் அவற்றைக் கீழே ஒட்டுங்கள்.

21-இலிருந்து 64-க்குப் போனால் பெரிய முன்னேற்றம் தெரியும். 128-இலிருந்து 256-க்குப் போகும்போது அந்த அளவு தெரியாது.

மண்டையோட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

மூளையைவிட எலும்பு மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்துகிறது. உள்ளே கூர்மையாக இருந்த வடிவம் எலும்பைத் தாண்டும்போது, ஈரத்துணியில் சொட்டிய மை போலப் பரவிவிடுகிறது. எவ்வளவு மோசம் என்பதில்தான் சண்டை. 1968-இல் ரஷ், டிரிஸ்கால் இருவரும் 80-இல் ஒரு பங்கு என்றார்கள். அந்த எண்ணை வைத்தே பல ஆண்டுகள் ஓடின. 2000-இல் வந்த ஓர் அளவீடு 15-இல் ஒரு பங்கு என்றது. எலும்பை உள்ளபடியைவிட மோசமான கடத்தியாக வைத்துக் கணக்கிட்டால், விடை உண்மையான இடத்தைவிட மேலே, தலைத்தோலுக்குப் பக்கமாக வந்து நிற்கும். ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது இது மாறும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடியிருக்காது, எலும்பும் மெல்லியது. முன்பே மண்டையைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்தத் துளை வழியாக மின்னோட்டம் எளிதாகக் கசியும். இந்த இரண்டு வகையினருக்கும் பொதுவான மாதிரியைப் போட்டு வேலையை முடித்துவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்காமலே செய்ய முடியாதா? செலவு தாங்கவில்லை.

செய்யலாம். 152 பேரின் எம்.ஆர்.ஐ.யைச் சராசரி செய்த ஒரு பொதுத் தலை மாதிரி பல மென்பொருள்களில் கிடைக்கிறது. ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு அது பல நேரம் போதும். ஒரு தனி ஆளின் ஆபரேஷனை ஒட்டிய கேள்வி என்றால் அவருடைய சொந்த எம்.ஆர்.ஐ. வேண்டும். ஜெனீவாவில் ஆபரேஷன் செய்யப்பட்ட 152 பேரை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வில் (இதுவும் 152 என்பது தற்செயல்), நிறைய எலக்ட்ரோடும் சொந்த எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்திருந்தபோது உணர்திறன் (இருப்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பது) 84 சதவீதம், தனித்துவம் (இல்லாததை இல்லை என்று சரியாகச் சொல்வது) 88 சதவீதம் வந்தது. எலக்ட்ரோடைக் குறைத்தாலோ பொது மாதிரியைப் போட்டாலோ அது நன்றாகவே இறங்கியது.

பதிவு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் நாள் இரவே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் தொடர்பு சரியாக அமையாது. கண் சிமிட்டல், தாடை இறுக்கம், இதயத்துடிப்பு எல்லாம் பதிவில் கலக்கும். அவற்றை நீக்காமல் கணித்தால் முன்தலையில் ஓர் அழகான 'மூலம்' கிடைக்கும், அது கண்ணிலிருந்து வந்ததாக இருக்கும்.

எலக்ட்ரோடின் பெயரும் இடமும் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு பதிவில், வலது மணிக்கட்டு நரம்பைத் தூண்டியதற்கு மூலம் வலது மூளையிலேயே வந்தது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. கடைசியில் இடது, வலது கேபிள் கட்டுகள் மாற்றிச் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தத் தூண்டல் பதிவு இல்லாமல் வெறும் வலிப்பு அலைகள் மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதிலிருந்து, முடிந்தவரை எல்லாருக்கும் மணிக்கட்டுத் தூண்டலையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறேன்.

ரெஃபரன்ஸை மாற்றினால் அலையே மாறுகிறது. அப்போது மூலமும் மாறுமா?

மாறக்கூடாது. ரெஃபரன்ஸ் என்பது மற்ற எலக்ட்ரோடுகளின் மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது. அதை மாற்றும்போது எல்லா எலக்ட்ரோடிலிருந்தும் ஒரே எண் கழிகிறது. அலைகளின் உயரம் மாறினாலும் வரைபடத்தின் மேடு பள்ளம் அப்படியே இருக்கும். நேர்க்கணக்கிலும் அதே ரெஃபரன்ஸைப் பயன்படுத்தினால் விடை ஒன்றுதான். உங்களுக்கு மாறுகிறது என்றால், மென்பொருளில் ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் பொருந்தாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹிப்போகாம்பஸ், தலாமஸ் மாதிரி ஆழத்தில் இருப்பது தெரியுமா?

கடினம். தூரம் கூடக்கூட சிக்னல் வேகமாகத் தேய்கிறது. தலாமஸில் அணுக்கள் நாற்று வரிசையாக நிற்காமல் பல திசைகளிலும் கிடப்பதால், இரண்டாவது கேள்வியில் சொன்ன கூடுதலும் அங்கே சரியாக நடப்பதில்லை. மினிமம் நார்ம் முறை இயல்பாகவே மேலோட்டமான விடையை விரும்பும். ஆழத்தில் இருந்தால் அதிக மின்னோட்டம் தேவைப்படுமே, அதைத்தான் அது தவிர்க்கிறது. முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 2019-இல், மூளையின் ஆழத்தில் மின்கம்பி பொருத்தப்பட்டவர்களிடம் 256 எலக்ட்ரோடு இ.இ.ஜி.யையும் சேர்த்து எடுத்து ஒப்பிட்டபோது, தலாமஸின் ஆல்ஃபா அலை மேலே எடுத்த கணிப்போடு ஒத்துப்போனது. சாதாரண 32 எலக்ட்ரோடு பதிவில் ஒருவர் தலாமஸைக் காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

எம்.இ.ஜி. இருந்தால் இதெல்லாம் வேண்டாமே?

எம்.இ.ஜி. மூளை மின்னோட்டங்களின் காந்தப்புலத்தை அளப்பது. அங்கேயும் தலைகீழ்க் கணக்கு இருக்கிறது. காந்தப்புலத்தை மண்டையோடு கெடுக்காது, அது பெரிய வசதி. ஆனால் நேராக வெளியே பார்க்கும் மின்னோட்டங்களை எம்.இ.ஜி. ஏறக்குறைய காண்பதே இல்லை, இ.இ.ஜி. அவற்றையும் காணும். இரண்டையும் சேர்த்து எடுக்க வசதி இருந்தால் சேர்த்தே எடுங்கள்.

படத்தில் சிவப்பு பெரிசா இருக்கு. அவ்வளவு இடமும் கெட்டுப்போச்சா?

ஒரு தாய் இப்படிக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பயத்தை இன்னும் மறக்கவில்லை. இல்லை, அம்மா. அந்தச் சிவப்பின் அளவு நோயின் அளவைக் காட்டுவதில்லை. லொரெட்டா போன்ற முறைகள் எப்போதும் பரவலாகத்தான் காட்டும், அவற்றின் நிபந்தனையே அப்படி. வண்ணத்தை எந்த அளவுக்கு மேல் காட்டுவது என்று நாங்கள் ஓர் எல்லையும் வைக்கிறோம். அதைக் கொஞ்சம் உயர்த்தினால் அதே படத்தில் சிவப்பு கடுகளவாகிவிடும். அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, நடுப்பகுதி ஏறக்குறைய எங்கே இருக்கிறது என்பதைத்தான். இதை விளக்காமல் படத்தை மட்டும் வீட்டாரிடம் கொடுத்து அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு இடம் ஒரே தாளத்தில் ஒளிர்கிறது. அவை பேசிக்கொள்கின்றன என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரே மூலத்தின் சிக்னல் கணிப்பின்போது பக்கத்துப் புள்ளிகளிலும், சில நேரம் தூரத்துப் புள்ளிகளிலும் கசியும். கசிந்தது மூலத்தோடு ஒரே தாளத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அது அதே சிக்னல். இந்தக் கசிவுக்கு நேர இடைவெளி கிடையாது. அதை வைத்தே 2004-இல் கைடோ நோல்டேவும் கூட்டாளிகளும், துளியும் தாமதம் இல்லாத ஒற்றுமையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் அளக்கும் வழியைச் சொன்னார்கள். உண்மையிலேயே தாமதமின்றி நடக்கும் உறவும் அதில் கழிந்துபோகும், அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

விடை சரி என்று எப்படித் தெரியும்? உள்ளே போய்ப் பார்க்க முடியாதே.

சில நேரம் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள் கம்பி பொருத்தியவர்களுக்கு, தெரிந்த ஓர் இடத்தில் சிறிய மின்தூண்டல் கொடுத்துக்கொண்டே தலைமேலும் 256 எலக்ட்ரோடில் பதிந்த ஒரு தரவுத்தொகுப்பு 2020-இல் பொதுவில் வெளியானது. மூலம் எங்கே என்று முன்கூட்டியே தெரியும் என்பதால், உங்கள் முறை எவ்வளவு தள்ளிப்போகிறது என்று நேரடியாக அளந்துகொள்ளலாம். புது மாணவர்கள் தங்கள் சொந்தப் பதிவைத் தொடும் முன் இதில் ஒரு வாரம் செலவிட வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த வேலைக்கான மென்பொருள்களான பிரெயின்ஸ்டார்ம், ஃபீல்ட்ட்ரிப், எம்.என்.இ.-பைத்தான் எல்லாமே இலவசம்.

அன்றாடச் சோதனைக்கு மணிக்கட்டுத் தூண்டல் போதும். தூண்டி 20 மில்லிசெகண்டில் வரும் அலை எதிர்ப்பக்க மூளையில், நடுப்பள்ளத்தின் பின்சுவரில் விழ வேண்டும். அது இடம் மாறி விழுந்தால் மற்ற எதையும் நம்ப வேண்டாம்.

வலிப்பு ஸ்பைக்கின் உச்சியில் கணிப்பதா, ஏறும்போது கணிப்பதா?

ஏறும்போது. ஸ்பைக் (பதிவில் கூர்மையாக எழும் வலிப்பு அலை) சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் பக்கத்துப் பகுதிகளுக்குப் பரவிவிடும். உச்சியில் சிக்னல் பெரிது, இரைச்சல் குறைவு, ஆனால் அதற்குள் அது வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். தொடக்கத்திலேயே எடுத்தால் இரைச்சலில் மூழ்கிவிடும். ஏறுமுகத்தின் பாதி உயரத்தை எடுப்பது பலரும் ஒப்புக்கொண்ட நடுவழி. ஒரே வடிவத்தில் உள்ள ஸ்பைக்குகளை மட்டும் சேர்த்துச் சராசரி எடுங்கள். வெவ்வேறு வடிவங்களைக் கலந்தால் எங்குமே இல்லாத ஒரு மூலம் நடுவில் முளைக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் தழும்பு ஓரிடத்தில், உங்கள் கணிப்பு வேறிடத்தில். எதை வைத்து ஆபரேஷன் செய்வார்கள்?

எந்த ஒன்றை மட்டும் வைத்தும் செய்ய மாட்டார்கள். நாம் கணிப்பது பெரும்பாலும் வலிப்பு வராத நேரத்தில் தோன்றும் ஸ்பைக்குகளின் இடம். வலிப்பு தொடங்கும் இடம் அதற்குள் இருக்கலாம், பக்கத்தில் இருக்கலாம், சிலருக்கு வேறாகவும் இருக்கலாம். தழும்பு இருந்தாலும் அது வலிப்புக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கக்கூடும். அதனால் வலிப்பு வரும்போது வீடியோவோடு எடுத்த பதிவு, எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், நினைவாற்றல் சோதனை எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி மருத்துவர்கள் கூடிப் பேசுவார்கள்.

எல்லாம் ஒரே இடத்தைக் காட்டினால் வழி தெளிவு. முரண்பட்டால் மெல்லிய கம்பி எலக்ட்ரோடுகளை மூளைக்குள் செலுத்திச் சில நாட்கள் நேரடியாகப் பதிவார்கள். கம்பிகளை மூளை முழுக்க இறக்க முடியாது, எங்கே இறக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தழும்பைச் சுற்றிச் சில கம்பிகள், நம் கணிப்பு காட்டிய இடத்தில் சில கம்பிகள் என்று திட்டமிடுவார்கள். நம் கணிப்பு இல்லாமல் போயிருந்தால் அந்த இரண்டாவது இடத்தில் ஒரு கம்பிகூட இறங்கியிருக்காது.